பல்லியாக்கும் ராணியின் கதை

மருதங்காட்டை ஆண்ட ராணி செங்கமலவல்லி ஒரு கதை எழுதினாள். குறை சொன்னவர்களையெல்லாம் பல்லியாக்கிவிடும் கொடிய மாயராணியின் கதை அது. சபையில் அதைப் படித்துவிட்டு, இரண்டு புலவர்களிடம் நிறைகுறை கேட்டாள். குறையே இல்லை என்றவரைப் பொய்யர் என்று சிறையில் தள்ளினாள். நீளம் அதிகம் என்றவரைத் திமிர் பிடித்தவர் என்று அவருக்குப் பக்கத்திலேயே தள்ளினாள்.

அப்போது, விசிறி வீசிக்கொண்டிருந்த பணிப்பெண் மாடத்தியின் கை நின்றுபோனது.

"ஏனடி நிறுத்தினாய்? சரி, நீ சொல். கதை எப்படி?"

"மாயராணியை நினைத்துக் கை நடுங்கிவிட்டது, தாயே. அப்படிப் பயமுறுத்துவதுதான் கதையின் நிறை."

"குறை?"

"குறை சொன்னவர்களைத் தண்டிக்கிற ராணி எந்த ஊரில் இருக்கிறாள்? அதுதான் நம்பும்படி இல்லை."

சபையில் யாரோ இருமினார்கள். ராணியின் முகம் சிவந்தது.

"உன்னையும் சிறையில் தள்ளினால்?"

"அந்தக் குறையும் தீர்ந்துவிடும், தாயே. ஊரே கதையை நம்பிவிடும்."

ராணி சிரிப்பை அடக்க முடியாமல் காவலனைக் கூப்பிட்டாள்.

"அந்தப் புலவர்களை வெளியே விடு. என் கதையில் ஒரு குறை இருந்துவிட்டுப் போகட்டும்."