வீட்டுலதானே இருக்கா

குருவுக்குத் தாடி இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. இந்தக் கதையில் வரும் குருவுக்கு முப்பத்து நான்கு வயது. பெயர் மெஹருன்னிசா. திருச்சி தில்லைநகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே மாடியைப் பிடித்து, நீள மேசைகள் போட்டு, வீட்டில் உட்கார்ந்து வேலை செய்ய முடியாதவர்களுக்கு இடம் கொடுத்து வந்தாள். ஒருத்தர் அங்கே வரிக்கணக்குப் பார்ப்பார். பக்கத்தில் ஒருத்தி வீட்டுக்கு வரைபடம் போடுவாள். மூலையில் ஒருத்தர் துபாய்க்காரரோடு போனில் மல்லுக்கட்டுவார். முதலாளி ஆளுக்கு ஒருவர், கூரை மட்டும் ஒன்று.

மெஹருன்னிசாவின் சொந்தத் தொழில் சப்டைட்டில் எழுதுவது. வேற்றுமொழிப் படம் ஓடும்போது கீழே தமிழில் வருமே, அது. அதை அவளிடம் கற்றுக்கொண்ட சிஷ்யை கோமளவல்லிக்கு வயது நாற்பத்தெட்டு. குரு சிஷ்யையை அக்கா என்பாள். சிஷ்யை குருவை டீச்சர் என்பாள். இதில் இரண்டு பேருக்கும் கூச்சம் கிடையாது. பார்க்கிறவர்களுக்குத்தான் இருந்தது.

மாடியில் ஒரே ஒரு வழக்கம் உண்டு. மேசையில் டீ கிளாஸ் நிமிர்ந்திருந்தால் அந்த ஆளோடு பேசலாம். கவிழ்ந்திருந்தால், கட்டடம் தீப்பிடித்தால் ஒழியப் பேச்சுக் கொடுக்கக் கூடாது. துபாய்க்காரரோடு சண்டை போடுகிறவர்கூட இதை மீறியதில்லை.

தொழில் பழகி முடித்ததும் கோமளவல்லி மாடியை விட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் முகம் வாடித் திரும்பி வந்தாள்.

"டீச்சர், என் வேலை போயிடும்போல இருக்கு."

"என்னாச்சு அக்கா?"

கோமளவல்லி மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். அவளுக்குக் கிடைத்த முதல் தொடர். ராஜா காலத்துக் கதை. போர்க்களத்தில் தளபதி, செத்துக் கிடக்கும் மகனை மடியில் போட்டுக்கொண்டு கதறுகிறான். கீழே தமிழில் ஓடியது: 'மூணு விசில் வந்தாச்சு, அணைச்சுடும்மா.'

மெஹருன்னிசா சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"நான் வாயால சொல்லச் சொல்ல கம்ப்யூட்டரே எழுதிக்கும் டீச்சர். மாமனார் உள்ள வந்து சொன்னதையும் சேர்த்து எழுதிடுச்சு. அதுக்குள்ள வாசல்ல யாரோ கூப்பிட்டாங்க. திரும்பப் படிக்காம அனுப்பிட்டேன். இது கடைசி எச்சரிக்கைன்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. திங்கக்கிழமை அடுத்த பாகம் குடுக்கணும். அதுலயும் இப்படி வந்தா வேற ஆள் பார்த்துக்குவாங்களாம்."

"இங்க வந்து செய்யுங்க. அந்தக் கண்ணாடி ரூம் சும்மாதான் இருக்கு. வாய்விட்டுப் பேசலாம்."

"வீட்டுக்காரர் விடமாட்டேங்கறார். வீட்டுல தனி ரூம் இருக்கு, அதை விட்டுட்டு ஊரான் மேசைக்கு எதுக்கு ஓடறேங்கறார். மனசு அடங்கினா நடுச்சந்தையிலயும் தவம் பண்ணலாமாம். யாரோ ஒரு முனிவர் பண்ணாராம்."

கோமளவல்லி முந்தானை நுனியைச் சுருட்டினாள்.

"டீச்சர், உண்மையைச் சொல்லுங்க. என் மனசுதான் சரியில்லையா?"

"அந்த முனிவர்கிட்ட யாராவது வந்து உப்பு டப்பா எங்கன்னு கேட்டாங்களாமா?"

"அதை அவர் சொல்லல."

மெஹருன்னிசா மடிக்கணினியை மூடினாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தது. வந்த கோபத்தை வீணாக்குகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"நாளைக்கு நான் உங்க வீட்டுக்கு வரேன். உங்க ரூம்ல உட்கார்ந்து என் வேலையைச் செய்யறேன். நீங்களும் பக்கத்துல உட்கார்ந்து உங்க வேலையைச் செய்யுங்க."

"எதுக்கு டீச்சர்?"

"அந்தச் சந்தையை நானும் பார்க்கணும்."

மறுநாள் சனிக்கிழமை. கோமளவல்லியின் கணவர் சிவக்கொழுந்து பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவர். அன்றைக்கு அவருக்கு விடுமுறை. வாசலுக்கே வந்து வரவேற்றார். மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து, "வாம்மா, வாம்மா" என்றார். நல்ல மனிதர்கள். இப்படிப்பட்ட கதைகளில் கெட்டவர்கள் இருந்தால் வேலை சுலபம்.

அறையும் நல்ல அறைதான். மேசை, காற்றாடி, கதவு, ஜன்னல், எல்லாம் இருந்தன. மெஹருன்னிசா பையிலிருந்து இரண்டு டீ கிளாஸ்களை எடுத்து மேசையில் கவிழ்த்தாள். ஒன்று தனக்கு, ஒன்று சிஷ்யைக்கு. கிளாஸ் வழக்கத்தை வீட்டாருக்கு விளக்கினாள்.

"ரொம்ப நல்ல பழக்கம். ஜப்பான்ல இப்படித்தான்" என்றார் சிவக்கொழுந்து. அவர் ஜப்பானைப் பார்த்ததில்லை.

கதவு சாத்திக்கொண்டது. இருவரும் வேலையைத் தொடங்கினார்கள்.

வெளியே டிவி ஊமையானது. "ஷ்ஷ், டீச்சர் உள்ள வேலை செய்யறாங்க" என்று சிவக்கொழுந்து அப்பாவிடம் சொல்வது கேட்டது. மாமனாருக்கு இருமல் வந்தது. பாவம், வாசல்வரை போய் இருமிவிட்டு வந்தார்.

கொஞ்ச நேரத்தில் கதவு ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்தது. சிவக்கொழுந்தின் விரல் மட்டும் உள்ளே வந்து அழைத்தது.

"கோமளா. சத்தம் போடாம வா. என் ஆதார் ஜெராக்ஸ் எங்க?"

போய் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டுவதற்குள் மறுபடி விரல். மேல்வீட்டுக்குப் பார்சல் வந்திருக்கிறது. அவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். "குடுத்துட்டுப் போப்பா, எங்க மருமக வீட்டுலதானே இருக்கா" என்று மாமனார் வாசலில் சொல்லிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தாள். எதிர்வீட்டம்மா சாவி கொண்டுவந்தார், மகன் வந்தால் கொடுக்கச் சொல்லி. நாத்தனார் போன் செய்தாள், கோமளாவால் ஒரு நடை மருந்துக்கடைக்குப் போய்வர முடியுமா என்று. வீட்டுலதானே இருக்கா.

விரல் வரும்போதெல்லாம் மெஹருன்னிசாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோல் ஒரு முறை வளைந்தது. சிஷ்யையைப் பார்த்து ஒரு முறைகூட வளையவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், அவ்வளவு மரியாதையான விரல்.

நடுவில் மாமனாருக்கு மாத்திரை போட வேண்டியிருந்தது. பூனை மாதிரி அடியெடுத்து உள்ளே வந்தார். மேசையில் கவிழ்ந்திருந்த மெஹருன்னிசாவின் கிளாஸை மேலே படாமல் சுற்றிக் கடந்தார். மருமகளின் கிளாஸை நிமிர்த்தி எடுத்துக்கொண்டு போனார். மாத்திரை போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, சுத்தமாகக் கழுவி சமையலறைத் தட்டில் கவிழ்த்து வைத்தார். அவர் எந்த வழக்கத்தையும் மீறவில்லை என்றுதான் நினைத்தார்.

கோமளவல்லி காலியான இடத்தைப் பார்த்தாள். ராத்திரிச் சோற்றுக்கு முன்னாடியே குக்கரைத் தயார்ப்படுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

சாயங்காலம் மெஹருன்னிசா கணினியை மூடினாள். கொண்டுவந்த வேலை முழுக்க முடிந்திருந்தது.

"நீங்க எவ்வளவு செஞ்சீங்க அக்கா? படிங்க."

கோமளவல்லி படித்தாள். "இளவரசே, எதிரிகள் கோட்டையைச் சூழ்ந்துவிட்டார்கள், அந்த நீல மூடி டப்பாவுல பாருங்க."

அவ்வளவுதான் இருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அது அழுகை இல்லை. நாள் முழுவதும் ஓடிக் களைத்த உடம்புக்கு வருகிற ஆத்திரம்.

"ஒரே ரூம். ஒரே காத்தாடி. நீங்க பாட்டுக்குச் செஞ்சு முடிச்சுட்டீங்க. உங்களுக்கு மட்டும் எப்படி டீச்சர் மனசு அடங்குச்சு?"

"எனக்கு மனசு அடங்கல அக்கா. வீடு அடங்குச்சு."

சிவக்கொழுந்து காபியோடு உள்ளே வந்தார். காபி ஒன்றுதான் இருந்தது, விருந்தாளிக்கு. முகத்தில் வெற்றிக்களை.

"பார்த்தீங்களா மேடம்? காலையிலேருந்து ஒரு சத்தம் உண்டா? இந்த ரூமை விட்டுட்டு இவ உங்க மாடிக்கு வரணுங்கறா. நீங்களே புத்தி சொல்லுங்க."

"ரொம்ப நல்ல ரூம் சார். இவ்வளவு நிம்மதியா நான் எங்கயும் வேலை செஞ்சதில்லை."

"கேட்டுக்க கோமளா."

"அதனால இனிமே நான் இங்க உட்கார்றேன். அக்கா என் இடத்துக்குப் போகட்டும்."

சிவக்கொழுந்து வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். மெஹருன்னிசா பையிலிருந்து கண்ணாடி அறையின் சாவியை எடுத்துக் கோமளவல்லியின் கையில் வைத்தாள். பிறகு தன் கணினியை மறுபடி திறந்தாள். சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் முகத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மேடம் இது. அங்க என்ன அமைதி வாழுது? நான் ஒரு நாள் வந்து பார்த்தேனே. பத்துப் பேர் சந்தைக்கடை மாதிரி கத்திக்கிட்டிருந்தாங்க."

"கத்துவாங்க சார். ஒருத்தரும் அக்கா பேரைச் சொல்லிக் கத்தமாட்டாங்க."

"இன்னிக்குத்தான் நாங்க யாரும் கத்தலையே."

"கத்தல சார். என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடல."

சிவக்கொழுந்து மனைவியின் பக்கம் திரும்பினார். இத்தனை நேரமும் அவள் அங்கே நின்றுகொண்டிருந்தது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

"சரி. நீ இப்ப கிளம்பிப் போயிட்டா வீட்டை யார் பார்த்துக்கறது?"

குரு கணினித் திரைக்குத் திரும்பிக்கொண்டாள். அது அவளுக்கு வந்த கேள்வி இல்லை.

"நீங்க வீட்டுலதானே இருக்கீங்க" என்றாள் கோமளவல்லி.

குரல் உயரவில்லை. இத்தனை வருஷமாகக் காதில் விழுந்த வார்த்தையைத்தான் அப்படியே திருப்பிச் சொன்னாள். சமையலறைக்குப் போய்த் தட்டிலிருந்து தன் டீ கிளாஸை எடுத்து முந்தானையில் துடைத்தாள். மடிக்கணினியோடு பையில் வைத்தாள். குக்கரின் கீழே அடுப்பைப் பற்றவைத்தாள். அதுவரைக்கும் அவள் வேலை. வாசலில் செருப்பை மாட்டினாள்.

"ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுவல்ல?" என்றார் சிவக்கொழுந்து.

"பாகம் முடிஞ்சா வருவேன்."

படியிறங்கும் சத்தம் கேட்டது. கேட் திறந்து மூடிக்கொண்டது. சிவக்கொழுந்து கையிலிருந்த காபியைப் பார்த்தார். யாருக்குக் கொண்டுவந்தோம் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. நின்றபடியே தானே குடித்தார்.

அறைக்குள் மெஹருன்னிசா தன் கிளாஸைக் கவிழ்த்துக்கொண்டு அடுத்த வேலையைத் தொடங்கியிருந்தாள்.

சமையலறையில் குக்கர் கூவியது. மறுபடி கூவியது. மறுபடியும்.

"கோமளா" என்றார் மாமனார், நாற்காலியில் இருந்தபடியே. "விசில் வந்துடுச்சும்மா. கோமளா."

மெஹருன்னிசா எழுந்துவந்து கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா ஐயா. அக்கா வேலைக்குப் போயிருக்காங்க."