வேங்கை மரத்தில் செங்கண்ணன் பெயர்

புன்னைத் தோப்பில் நாரைகள் குஞ்சு பொரித்திருந்தன. ஆனால் தினமும் ஒரு சாரைப்பாம்பு மரமேறி வந்தது. கூடுகள் சரிந்தன. குஞ்சுகள் கீழே விழுந்தன. கடைசியில் நாரைத் தலைவி வெள்ளைச்சி காடெங்கும் பறந்து அறிவித்தது.

"தோப்புக்குக் காவல் வேண்டும்! பாம்பை விரட்டத் தெரிந்தவர் இன்று உச்சிவெயிலுக்குள் வரலாம்! குடும்பத்தோடு தங்க நல்ல வளை உண்டு! ஆனால் வேங்கை மரத்தில் பெயர் உள்ளவர் வர வேண்டாம்!"

செங்கண்ணன் என்ற கீரி துள்ளி எழுந்தது. பாம்பை விரட்டக் கீரியைவிட யார் உண்டு? மறுகணமே அதன் வால் தொங்கிப்போனது. வேங்கை மரத்தில் அதன் பெயர் இருந்தது!

அந்தக் காட்டில் யார் தவறு செய்தாலும், நீதிமன்ற வேங்கை மரத்தில் மரங்கொத்தி அதைக் கொத்தி எழுதிவிடும். குளத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதைப் படித்துக்கொண்டே போவார்கள். மூன்று மழைக்காலத்துக்கு முன்பு கடும் வறட்சி. குளத்தில் வரிசையாக நின்றுதான் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சட்டம். ஆமையின் முறை வந்தபோது, கீரி அதன் முதுகுக்கு மேலே தாவிப் போய்க் குடித்துவிட்டது. 'செங்கண்ணன், வரிசை மீறியவன்' என்று மரத்தில் எழுத்து ஏறியது.

அன்றுமுதல் கீரிக்கு யாரும் வேலை தரவில்லை. தங்க வளையும் தரவில்லை. அதன் இரண்டு குட்டிகளும் ஒரு பாறை இடுக்கில் நனைந்தும் காய்ந்தும் வளர்ந்தன.

"மனுப் போடப் போகிறேன்!" என்றது கீரி. அதற்குச் சட்டத்தில் இடம் இருந்தது. சிறு தவறு செய்தவர் மூன்று மழைக்காலம் ஒழுங்காக இருந்தால், நீதிமன்றம் அந்த எழுத்தின் மேல் அரக்கைப் பூசி முத்திரை வைக்கும். பிறகு அது யார் கண்ணிலும் படாது.

"மனுவா? நான் சொல்லித் தருகிறேன் தம்பி!" என்று வந்து நின்றது ஒரு நரி.

நரிக்கு இதில் என்ன அக்கறை? பாம்பு கூட்டைக் கலைத்தால் கீழே விழும் குஞ்சுகள் நரிக்குத்தான் விருந்து. கீரி காவலுக்கு வந்தால் விருந்து போச்சு!

"இதோ பார் தம்பி. நான் தவறே செய்யவில்லை என்று அடித்துச் சொல்! ஒப்புக்கொண்டால் தொலைந்தாய்!"

"அப்படியா நரியண்ணே?"

"எத்தனை வழக்கு பார்த்திருக்கிறேன் நான்! ஓடு, ஓடு!"

கீரி ஓடியது. வேங்கை மரத்தடியில் நீதிபதி யானை காதை ஆட்டிக்கொண்டு நின்றது.

"ஐயா! மரத்தில் இருக்கும் என் எழுத்தை மூட வேண்டும்! நான் வரிசையை மீறவே இல்லை!"

"மீறவே இல்லையா?"

"இல்லவே இல்லை ஐயா!"

"அப்படியானால் நான் எதை மூடுவது?" என்றது யானை. "நடந்த தவற்றை மூடத்தான் என்னிடம் அரக்கு இருக்கிறது. நடக்காத தவற்றுக்கு ஏது அரக்கு? மனு தள்ளு..."

"பொறுங்கள் ஐயா!" கீரி அலறியது. "பொய் சொல்லிவிட்டேன்! ஆமையக்காவின் முறையைப் பறித்தது நான்தான். தாகம் எனக்கு மட்டும் இல்லை. எல்லோருக்கும் இருந்தது. ஆனாலும் தாவிவிட்டேன்!"

யானையின் காது ஆடுவது நின்றது. "இப்போதுதான் மனு மனுவாக இருக்கிறது. ஆனால் பாதிக்கப்பட்டவர் வந்து சம்மதம் சொல்ல வேண்டும். நான் ஆற்றுக்குக் குளிக்கப் போவதற்குள் ஆமையை அழைத்து வா!"

புதருக்குள் நரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "ஆமையையா? அது வந்து சேர அடுத்த கோடை ஆகிவிடும்!"

கீரி காற்றாய்ப் பறந்து குளத்தை அடைந்தது. மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னது.

"வருகிறேன்" என்றது ஆமை. ஓர் அடி வைத்தது. நின்றது. இன்னோர் அடி வைத்தது.

கீரிக்குப் பொறுக்கவில்லை. "அக்கா! உங்களைப் புரட்டிப் போட்டு உருட்டிக்கொண்டு போகட்டுமா?"

"உருட்டுவாயா? நான் என்ன பலாப்பழமா? அன்றைக்கும் அவசரம், இன்றைக்கும் அவசரமா?"

கீரி ஆமைக்குப் பின்னால் போய் நின்றது. வெயில் ஏறியது. கீரியின் கால்கள் துடித்தன. ஒரு தாவு தாவினால் மரத்தடிக்குப் போய்விடலாம். ஆனாலும் ஆமை ஓர் அடி வைத்தால், கீரியும் ஓர் அடியே வைத்தது.

அவை வந்து சேர்ந்தபோது யானை ஆற்றுப் பக்கம் திரும்பிவிட்டது!

"ஐயா, நில்லுங்கள்!" என்று கத்தியது ஆமை. "எனக்குச் சம்மதம்! அன்றைக்கு என் முதுகைத் தாண்டிக் குதித்தான். இன்றைக்கு இவ்வளவு அவசரத்திலும் என் பின்னாலேயே நடந்து வந்தான். இவன் திருந்திவிட்டான்!"

"மனு ஏற்கப்பட்டது!"

மரங்கொத்தி இளகிய அரக்கைக் குழைத்து எழுத்தின் மேல் பூசியது. யானை தும்பிக்கை நுனியால் அழுத்தி முத்திரை வைத்தது.

"செங்கண்ணா! யார் கேட்டாலும் 'மரத்தில் என் பெயர் இல்லை' என்று இனி நீ சொல்லலாம். நீ மறுபடி தவறு செய்தால் மட்டும் நான் இதைத் திறப்பேன். வேறு யார் இதைக் கிளறினாலும் குற்றம்! மரங்கொத்தி, நீயும் தோப்புக்குப் போய் இந்தத் தீர்ப்பைச் சொல்லிவிட்டு வா!"

மரங்கொத்தி மேலே பறந்தது. கீரி கீழே பறந்தது! சூரியன் உச்சியைத் தொடும்போது இரண்டும் தோப்பில் நின்றன.

"மரத்தில் உன் பெயர் உண்டா?" என்று கேட்டது வெள்ளைச்சி.

"இல்லை!"

"பொய்!" நரி பாய்ந்து வந்தது. "அரக்குக்கு அடியில் இருக்கிறது! வரிசை மீறியவன் இவன்! ஆமையின் தண்ணீரைப் பறித்தவன்! நம்பாதீர்கள்!"

நாரைகள் சிறகடித்துக் கூச்சலிட்டன. மரங்கொத்தி நீதிமன்றத் தீர்ப்பை உரக்கச் சொன்னது. அதே நேரத்தில் மேலே கிளை அசைந்தது. சாரைப்பாம்பு!

"நீதிமன்றம் மூடியது மூடியதுதான்!" என்றது வெள்ளைச்சி. "இன்னும் ஏன் நிற்கிறாய் காவல்காரா? ஏறு!"

கீரி ஒரே பாய்ச்சலில் கிளைக்குத் தாவியது. முடியெல்லாம் சிலிர்த்து நிற்க, பல்லைக் காட்டிச் சீறியது. பாம்பு வளைந்தது, நெளிந்தது, கிளையிலிருந்து சரிந்து விழுந்து தோப்பைவிட்டே ஓடியது! ஒரு கூடுகூட அசையவில்லை. ஒரு குஞ்சுகூட விழவில்லை.

சாயங்காலமே குட்டிகள் இரண்டும் புது வளைக்குள் புகுந்து புரண்டன.

நரி மெல்ல நழுவப் பார்த்தது. அதன் தலைக்கு மேலே வந்து உட்கார்ந்தது மரங்கொத்தி.

"நரியாரே, உங்கள் முழுப் பெயர் என்ன?"

"எ... எதற்கு?"

"வேங்கை மரத்தில் எழுதத்தான்! 'முத்திரையைக் கிளறியவன்' என்று!"

"ஐயோ! அதை மூட மனுப் போடலாமா?"

"தாராளமாக! மூன்று மழைக்காலம் கழித்து வாருங்கள்! அதுவரை ஒழுங்காக இருங்கள்!"

செய்த தவற்றை மறைக்காமல் ஒப்புக்கொண்டு திருந்தியவருக்கு மறுவாழ்வு கிடைக்கும். மூடிவிட்ட அந்தப் பழியைக் கிளறுகிறவருக்குப் புதிய பழிதான் வந்து சேரும்.