பத்தாம் முத்திரை

முன்னொரு காலத்தில் மகுடவர்மர் என்றொரு மன்னர் இருந்தார். அவர் ஆண்ட நாட்டின் பெயர் எனக்கு உறுதியாகத் தெரியாது. தவறாகச் சொல்வதைவிடச் சொல்லாமல் விடுவதே நல்லது.

மன்னருக்கு ஒருநாள் ஓர் ஆசை வந்தது. பெருவழிகளில் விடுதிகள் கட்ட வேண்டும். அவை தருமச் சத்திரம்போல ஓட்டை உடைசலாகவும் இருக்கக் கூடாது, மாளிகைபோல மிரட்டவும் கூடாது. கட்டிவிட்டார். ஒருவரும் தங்க வரவில்லை. உடனே ஒரு சலுகையைச் செப்பேட்டில் வெட்டச் சொன்னார். விடுதியில் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் ஓலையில் ஒரு முத்திரை. ஒரே மாதத்தில் பத்து முத்திரை சேர்ப்பவருக்குப் பட்டியலில் உள்ள எந்த விடுதியிலும் ஓர் இரவு இலவசம். அன்று காலியாக இருப்பதில் மிகச் சிறந்த அறை அவருக்கே. காலையில் விடுதிக் காப்பாளரே வெந்நீரும் சிற்றுண்டியும் சுமந்து வந்து தர வேண்டும்.

செப்பேட்டை எழுதியவர் தலைமை அமைச்சர் வேதமூர்த்தி. அந்த நாட்டில் எந்தப் பட்டியலும் அரண்மனையின் பெயரோடுதான் தொடங்கும். எருமைகளைப் பட்டியலிட்டாலும் முதல் வரி அரண்மனைதான். விடுதிப் பட்டியலையும் அமைச்சர் அப்படியே தொடங்கினார். பக்கத்தில் காப்பாளர் என்று தம் பெயரையும் ஏழு பட்டங்களோடு சேர்த்துக்கொண்டார். மன்னர் படிக்காமல் முத்திரையிட்டார்.

அப்படியும் கூட்டம் வரவில்லை. "நம் சலுகையில் என்ன குறை?" என்று மன்னர் சபையில் கேட்டார்.

அரசவை விகடகவி திருமேனி எழுந்தான். "குறை ஒன்றுமில்லை அரசே. யாரும் அதை முழுதாகப் படிக்கவில்லை. நான் மூன்று முறை படித்தேன்."

திருமேனி வாயைத் திறந்தாலே வேதமூர்த்திக்கு வயிறு எரியும். "அப்படியானால் விகடகவியே அதன் பயனைக் காட்டட்டும்," என்றார். "கையில் பத்தே காசு. ஒரு மாதத்துக்குள் ஓர் இரவாவது மன்னரைவிடச் சுகமாகத் தூங்கிக் காட்டட்டும். முடியாவிட்டால் அவர் வீட்டையும் அவைப் பதவியையும் என் மைத்துனருக்குத் தந்துவிடலாம்."

மன்னருக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "அப்படியே ஆகட்டும்!"

வீட்டில் மனைவி குழலி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன்யா, நல்ல விடுதியில ஒரு ராத்திரிக்கே பத்துக் காசு கேக்கறான். பத்து முத்திரைக்கு எங்க போவ? நான் இப்பவே பாத்திரத்தைக் கட்டி வெச்சிரட்டுமா?"

"கட்டாதே. முத்திரை வாங்க நல்ல விடுதி வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லையே," என்றான் திருமேனி. சொல்லிவிட்டு, எதற்கும் செப்பேட்டின் படியை நான்காம் முறையும் படித்தான்.

முள்ளிவலசை என்று ஒரு பொட்டல். அங்கிருந்த விடுதியில் ஓர் இரவுக்கு ஒரே காசு. காப்பாளன் பேச்சிமுத்து திருமேனியைப் பார்த்ததும் பதறி எழுந்தான்.

"வழி தவறிட்டீகளா சாமி?"

"இல்லை. தங்க வந்திருக்கிறேன். பத்து நாள்."

"பத்து நாளா? ஊருல ஏதும் கொலை கிலை பண்ணிட்டீகளா?"

கட்டில் ஒரு பக்கம் சாய்ந்தது. ஆடு உள்ளே வந்து தலையணையை மென்றது. திருமேனி தினமும் மறக்காமல் முத்திரை வாங்கினான். இடையில் ஒருநாள், ஒன்று விடுபட்டதோ என்று சந்தேகம் வந்து, காலையில் இரண்டு முறையும் மாலையில் ஒரு முறையும் எண்ணினான். சரியாகத்தான் இருந்தது.

தலைநகரில் வேதமூர்த்தியும் சும்மா இருக்கவில்லை. நாட்டின் நல்ல விடுதிகள் அனைத்திலும், நல்ல அறை ஒவ்வொன்றிலும் தம் ஆட்களைப் படுக்க வைத்தார். "யார் வந்து கேட்டாலும் இடமில்லை என்று சொல்லுங்கள்," என்பது கட்டளை.

ஆனால் அவர் ஒன்றை மறந்துபோனார். அந்த மாதத்தில்தான் தலைநகரத் திருவிழா. ஆண்டுதோறும் அதற்கு முந்தைய நாள், மன்னர் எளிய வழிப்போக்கனைப்போல உடுத்தி, யாரிடமும் சொல்லாமல், கோட்டைக்கு வெளியே எங்காவது தங்குவார். அது அவர்கள் குல வழக்கம். திருமேனி அதை மறக்கவில்லை.

அன்று பொழுது சாயும் நேரத்தில் அரண்மனை வாசலில் முத்திரை ஓலையையும் செப்பேட்டுப் படியையும் நீட்டினான். "பட்டியலில் முதல் விடுதி. பத்து முத்திரை. காலியாக இருப்பதில் நல்ல அறை வேண்டும்."

காவல் தலைவன் செப்பேட்டுப் படியையும் அரச முத்திரையையும் மாறி மாறிப் பார்த்தான். "திருவிழா விருந்தாளிங்க எல்லா அறையிலயும் நெறஞ்சிட்டாங்க ஐயா. காலின்னா... அது ஒண்ணுதான்..."

"எது?"

"மன்னரோட பள்ளியறை."

"பரவாயில்லை. சமாளித்துக்கொள்கிறேன்," என்றான் திருமேனி.

காலையில் மன்னர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். தம் பட்டு மெத்தையில் விகடகவி சோம்பல் முறிப்பதைக் கண்டதும் வாளை உருவினார்.

"யார் அறை இது!"

"நேற்று காலியாக இருந்த அறை, அரசே." திருமேனி படுக்கையைவிட்டு இறங்கி வணங்கி, செப்பேட்டுப் படியை நீட்டினான். மன்னர் தம் செப்பேட்டை அன்றுதான் முதன்முறையாக முழுதாகப் படித்தார். வாள் மெல்லத் தாழ்ந்தது.

"தாங்கள் எப்படித் தூங்கினீர்கள், அரசே?" என்று திருமேனி பணிவாகக் கேட்டான். அவனுடைய வீடு அந்தப் பதிலில்தான் இருந்தது.

"எங்கே தூங்கினேன்! மேற்கு வாயில் விடுதியில் நல்ல அறைகளெல்லாம் நிறைந்திருந்தன. மாட்டுத் தொழுவத்தை அடுத்த மூலையில் கிடந்தேன். விடிய விடிய ஒரு பசு என் காதருகே அசைபோட்டது. பெருங்கூட்டம் என்று மகிழ்ந்து விசாரித்தால், அத்தனை பேரும் அமைச்சரின் ஆட்கள்!"

அமைச்சரை அழைத்து வந்தார்கள். அவர் வாயைத் திறக்கும் முன் திருமேனி பட்டியலின் முதல் வரியைச் சுட்டிக்காட்டினான். "இந்த விடுதியின் காப்பாளர் தாங்கள்தானே? எனக்கு இன்னும் வெந்நீர் வரவில்லை. சிற்றுண்டியும்தான்."

வேதமூர்த்தி ஏழு பட்டங்களோடும் அண்டாவைத் தூக்கி வந்தார். பாதி வெந்நீர் அவர் காலிலேயே கொட்டியது. மன்னர் கட்டிலில் உட்கார்ந்து விலா நோகச் சிரித்தார். பத்து முத்திரை எங்கே வாங்கினாய் என்று அவர் கேட்க, திருமேனி முள்ளிவலசையையும் தலையணை மென்ற ஆட்டையும் பற்றிச் சொன்னான்.

"அமைச்சரே, முள்ளிவலசைக்குப் போய்ப் பத்து முத்திரை வாங்கிவிட்டு அவைக்கு வாரும். ஆட்டிடம் தலையணை பத்திரம்!" என்றவர், திருமேனிக்குப் பொற்கிழி கொடுத்தார். "வீடும் பதவியும் உன்னுடையவை. வேறு என்ன வேண்டும்?"

திருமேனி கொஞ்சம் தயங்கினான். மடியிலிருந்து ஒரு புது ஓலையை எடுத்து நீட்டினான்.

"நேற்று இங்கே தங்கியதற்கு ஒரு முத்திரை, அரசே."

மன்னர் மறுபடியும் சிரித்து, தம் கணையாழியையே ஓலையில் அழுத்தி முத்திரை பதித்துக் கொடுத்தார்.