வாய்க்காலில் சிக்கிய முடி

ஆற்றங்கரை மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பௌர்ணமி சபையில் வாதம் செய்ய நிற்பவர் தலையில் எதுவும் இருக்கக் கூடாது. தலைப்பாகையோ முக்காடோ, வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அரசனும் சரி, ஆண்டியும் சரி, வெறும் தலை.

மடத்தின் குரு ஒரு பெண். ஒரு காலத்தில் அவரை எதிர்த்து நின்றவர்கள் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார்களாம். பிறகு ஒருநாள் வாதம் செய்வதை நிறுத்திவிட்டார். வாதத்தையெல்லாம் கடந்துவிட்டார் என்று ஊர் கைகூப்பியது. காவித் துணியை நெற்றிவரை இழுத்துக் கட்டிக்கொண்டு, சபைக்கு வெளியே உட்கார்ந்துதான் இப்போதெல்லாம் கேட்பார்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் காலையில் படியில் உட்கார்ந்திருந்த குருவிடம் சீடப்பெண் நல்லினி வந்தாள். அவள் தலையிலும் ஒரு துணி. ஒரு மாதமாகவே இருந்தது.

"அம்மா, எனக்கு இன்றைக்கே மொட்டை போட்டுத் துறவு கொடுங்கள்."

"நாளை நீ சபையில் பேச வேண்டுமே."

"மொட்டையோடு பேசுகிறேன்."

"உனக்குத் துறவு வேண்டுமா, மொட்டை வேண்டுமா?"

 நல்லினி துணியை அவிழ்த்துப் படியில் வைத்தாள். வகிடு இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தெரிந்தது.

"கொட்டிக்கொண்டே இருக்கிறது. கரிசலாங்கண்ணி, வெந்தயம், எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. இந்தத் தலையோடு நான் அங்கே நிற்க மாட்டேன்."

பக்கத்தில் தூணைத் துடைத்துக்கொண்டிருந்த ஆதன் திரும்பினான். அவனும் சீடன்தான். முப்பது வயதுக்குள் முன்மண்டை முழுக்க வழுக்கை.

"விடு நல்லினி. எனக்கும்தான் கொட்டிற்று. ஊர் சிரித்ததா?"

"உன்னைப் பார்த்து ஏன் அண்ணா சிரிக்கும்? உனக்குக் கொட்டினால் அறிவு முற்றிவிட்டது என்கிறார்கள். எனக்குக் கொட்டினால் என்ன வியாதியோ, யார் விட்ட சாபமோ. அறிவு முற்றித்தான் கொட்டுகிறது என்றால் எனக்கும் முற்றியிருக்க வேண்டாமா? முடி ஒன்றுதானே, நியாயம் மட்டும் எப்படி இரண்டு?"

"எனக்கு முற்றவில்லை என்று அம்மாவுக்குத் தெரியும்" என்றான் ஆதன். "அதனால்தான் தூணைத் துடைக்கச் சொல்லியிருக்கிறார்."

குரு சிரிக்கவில்லை.

"வாழைத் தோட்டத்துக்குத் தண்ணீர் வரவில்லை. வாய்க்காலில் ஏதோ அடைப்பு. எடுத்துவிட்டு வா, நல்லினி. பிறகு பேசலாம்."

"அது ஆதன் அண்ணனின் வேலை."

"இன்று உன் வேலை."

ஆண்கள் குளிக்கும் இடத்துத் தண்ணீரும் பெண்கள் குளிக்கும் இடத்துத் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்து தோட்டத்துக்குப் போகிற இடம் அது. நல்லினி கையை முழங்கைவரை உள்ளே விட்டாள். வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது.

முடி. ஒரு தேங்காய் அளவுக்கு முடி.

முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் எறியப் போனாள். பிறகு கரையில் போட்டு விரலால் பிரித்தாள். அவளுடைய நீள முடி. ஆதனுடைய சுருட்டை. அடர்ந்த கூந்தல் என்று எல்லோரும் பொறாமைப்படும் இன்னொரு சீடப்பெண் முத்தரசியின் செம்பட்டை முடி, அதுவும் கொத்தாக. ஆணுடையதா பெண்ணுடையதா என்றே சொல்ல முடியாத துணுக்குகள்.

அடியில் நீள நீளமாக வெள்ளை முடி. மடத்தில் நரைத்த தலை ஒன்றே ஒன்றுதான்.

அவள் திரும்பி வந்தபோது குரு அதே படியில் இருந்தார்.

"எடுத்துவிட்டாயா?"

"எடுத்துவிட்டேன்."

"யாருடைய முடி?"

"எல்லோருடையதும்."

குரு தலையசைத்தார். பேச்சு முடிந்ததுபோல எழப் போனார். நல்லினி நகரவில்லை. கையில் சுருட்டி வைத்திருந்த வெள்ளை முடியைப் படியில் வைத்தாள்.

"உங்களுடையதும் இருந்தது, அம்மா. நிறையவே இருந்தது."

ஆதன் துடைப்பதை நிறுத்தினான்.

"ஊர் சொன்னதை நானும் நம்பியிருந்தேன்" என்றாள் நல்லினி. "கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் வாதத்தை விட்டது ஞானத்தாலா, இந்தத் துணியாலா?"

தோட்டத்துப் பக்கம் தண்ணீர் ஓடத் தொடங்கியிருந்த சத்தம் கேட்டது.

குரு பிடரியில் இருந்த முடிச்சைத் தொட்டார். வருஷக்கணக்காக இறுக்கிக் கட்டிப் பழகிய முடிச்சு. நகத்தால் நெம்ப வேண்டியிருந்தது. துணி விலகியபோது உச்சந்தலை முழுக்க வெறுமையாக இருந்தது. காதோரமும் பிடரியிலும் மட்டும் கொஞ்சம் வெள்ளை. துணியை மடித்து நல்லினியின் துணிமேல் வைத்தார்.

"ஆதா, நாளை இவளை எதிர்த்துப் பேசுவது யார்?"

"பேச வேண்டியவருக்குக் காய்ச்சல், அம்மா. வேறு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்."

"தேட வேண்டாம்" என்றார் குரு. பிறகு நல்லினியைப் பார்த்தார்.

"நன்றாகத் தயார் செய்துகொண்டு வா, பெண்ணே. நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்."