கரடி கழற்றாத கம்பளி

அந்தக் காலத்தில், அதாவது கரடிக்கும் யானைக்கும் பேச்சுவார்த்தை இருந்த காலத்தில், கரடிகள் எல்லாம் மேல்மலை உச்சியில்தான் குடியிருந்தன. உச்சிக் குளிர் என்றால் நீங்கள் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிற குளிர் இல்லை. மார்கழி பிறந்துவிட்டால் சுனைத் தண்ணீர் கல்லாகிவிடும். தாகம் எடுத்தால் உடைத்துத்தான் தின்ன வேண்டும். அதனால் மலையில் இருந்த எல்லோரும் தடித்த ரோமக் கம்பளி போட்டிருந்தார்கள். இப்போதுபோல அது தோலோடு ஒட்டியது இல்லை. கழுத்துக்குக் கீழே வரிசையாக முடிச்சுகள் இருக்கும், அவிழ்த்தால் கழற்றிவிடலாம். ஆனால் ஒரே ஒரு தடவைதான். கழற்றியதை மறுபடி மாட்ட முடியாது.

அந்த மலையில் சடைச்சி என்று ஒரு பெண் கரடி இருந்தாள். புருஷன் பேர் மலையாண்டி. இரண்டு மார்கழியில் இரண்டு குட்டிகளைக் குளிருக்குப் பறிகொடுத்தவள் சடைச்சி. மூன்றாவதாக ஓர் ஆண்குட்டி பிறந்து, அது ஐப்பசியிலேயே இருமத் தொடங்கியது. கீழ்நாட்டுக்குப் போய்விடலாம் என்றாள். முன்பே இறங்கிப்போன யானை அங்கே சௌக்கியமாக இருப்பதாகக் கேள்வி.

மலையாண்டி எதையும் யோசித்துச் செய்கிற ஆள். யோசித்து யோசித்தே பாதி வேலையைச் செய்யாமல் விடுகிற ஆள் என்றும் சொல்லலாம். மலையில் காய்க்கும் தவிட்டுப்பழத்தை ஒரு குவியல் கொண்டுவந்து பாறைமேல் கொட்டினான். கீழே போனால் நல்லது என்னென்ன, ஒவ்வொன்றுக்கும் ஒரு பழம் வலப்பக்கம். கெட்டது என்னென்ன, ஒவ்வொன்றுக்கும் ஒரு பழம் இடப்பக்கம். எது அதிகமோ அதன்படி நடப்போம் என்றான்.

நல்லதைச் சடைச்சி சொன்னாள். கதகதப்பு. இலுப்பைப்பூ. தடுக்கி விழுந்தால் கறையான் புற்று. அதற்குமேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை, பார்த்த ஊரா என்ன? மலையாண்டி இடப்பக்கம் வைக்க ஆரம்பித்தான். வெயில், தண்ணீர்ப் பஞ்சம், மனுஷன், மனுஷன் கூடவே வருகிற நாய், உண்ணி, பழகாத காடு, மலைத்தேன் கிடைக்காது. எட்டாவது பழத்தைக் கையில் எடுத்து, ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தான். செத்துப்போன குட்டிகளைப் புதைத்த இடம் இங்கே இருக்கிறது என்று சொல்லி அதையும் வைத்தான்.

மூன்றுக்கு எட்டு. இனி பேச என்ன இருக்கிறது? அந்த நேரம் பார்த்துக் குட்டி இரண்டு பக்கத்துக்கும் நடுவே தவழ்ந்து வந்து, ஒரு பழத்தை எடுத்து வாயில் வைத்து, இருமியது. இருமி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"எண்ணிப் பாத்தா போகக் கூடாதுதான்," என்றாள் சடைச்சி. "இவனப் பாத்தா போகாம இருக்க முடியல."

மலையாண்டி வரவில்லை. குகையைப் போட்டுவிட்டுப் போனால் நாலே நாளில் காட்டுப்பன்றி புகுந்துவிடும், நீங்கள் திரும்பி வரும்போது இடம் வேண்டாமா என்று கேட்டான். அதிலும் நியாயம் இருந்தது. பனி முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று சொல்லி அவள் குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டாள். குட்டி அவள் கம்பளியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டது. ஏழு நாள் இறக்கம். அவள் திரும்பியே பார்க்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வளைவுக்கு வளைவு நின்று பார்த்தாள்.

கீழ்நாட்டில் பத்தே நாளில் இருமல் நின்றது. குட்டி புற்றுக்குப் புற்று ஓடித் திரிந்ததைப் பார்த்துச் சடைச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மலையில் பனி முடிந்தது. ஆனால் குட்டிக்கு இப்போதுதானே நெஞ்சு தேறியிருக்கிறது, இன்னும் ஒரு மார்கழி இங்கேயே கழியட்டும் என்று தள்ளிப்போட்டாள். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. கம்பளிக்குள் அவள் கிழங்குபோல வெந்துகொண்டிருந்தாள்.

ஆற்றங்கரையில் யானையண்ணன் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். அவர் எப்போதோ கம்பளியைக் கழற்றிக் கடாசிவிட்டு, வால் நுனியில் நாலு மயிரோடு ஹாயாகத் தண்ணீரில் கிடந்தார்.

"ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு நிக்காத தங்கச்சி," என்றார். "கழட்டிப் போட்டுட்டு இந்த ஊர்க்காரியா இரு."

சடைச்சி மருதமரத்தடியில் உட்கார்ந்து முதல் முடிச்சை அவிழ்த்தாள். இரண்டாவது. மூன்றாவது. வெளுத்த நெஞ்சில் ஆற்றுக்காற்று பட்டதும் அப்பாடா என்றிருந்தது. நாலாவது முடிச்சில் விரலை வைத்துக்கொண்டு, சும்மா பேச்சுக்குத்தான் கேட்டாள்.

"அண்ணே, கடைசியா நீங்க எப்ப மேல போனீங்க?"

யானை மண்ணை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டார். மறுபடி அள்ளிப் போட்டுக்கொண்டார்.

"போகலம்மா. கம்பளி இல்லாம அங்க ஒரு ராத்திரி தாங்காது." பிறகு மலைப்பக்கம் பார்க்காமலே சொன்னார். "எங்கம்மா அங்கதான் இருந்துச்சு."

சடைச்சி விரலை எடுத்துவிட்டாள். மூன்று முடிச்சு அவிழ்ந்தது அவிழ்ந்தபடியே இருக்க, கம்பளியோடு எழுந்து வெயிலில் நடந்தாள்.

அடுத்த பனி முடியட்டும் என்றாள். அதற்கடுத்த பனியும் முடிந்தது. மகன் அவள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டான். ஒருநாள், வா கிளம்பலாம் என்றாள்.

அங்கே இலுப்பைப்பூ இருக்கிறதா என்று அவன் கேட்டான். இல்லை. கறையான் புற்று? அதுவும் இல்லை.

"அப்ப அங்க என்னதாம்மா இருக்கு?"

"உங்கப்பா இருக்காருடா."

மகன் யோசித்தான். பாவம், அப்பன் முகம் அவனுக்கு ஞாபகம் இல்லை. "இப்பதான் பூ உதிருது," என்றான். "இது முடியட்டும்மா, போகலாம்."

அந்தப் பேச்சு அவள் பேச்சுத்தான், வேறு யாரிடம் கற்றான்? அதனால் அவளால் கோபிக்க முடியவில்லை. சரி என்று சொல்லிவிட்டு, மரத்துக்கு அந்தப் பக்கம் போய் அழுதாள். அதன்பிறகு எத்தனையோ பூ உதிர்ந்து முடிந்தது. மேலே குகையைக் காத்துக்கொண்டிருந்தவன் என்ன ஆனான் என்று எனக்குச் சொன்னவர் யாருமில்லை.

அந்த நாளிலிருந்துதான், எந்தக் கரடியும் சித்திரை வெயில் கொளுத்தினாலும் கம்பளியைக் கழற்றுவதில்லை. நெஞ்சில் வெள்ளையாகத் தெரிகிறதே, அது சடைச்சி அவிழ்த்த மூன்று முடிச்சு. தாய்க்கரடி இன்றைக்கும் குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டுதான் திரிகிறாள், ஊருக்குக் கிளம்பிவிட்டவள் மாதிரி.