இடைவெளி உள்ள பெயர்

திருநெல்வேலியில், கெட்டுப்போன டிஸ்குகளிலிருந்து கோப்புகளை மீட்டுத் தரும் கடை ஒன்றை சங்கர நயினார் நடத்தினார். ஜெபசிங் அவரிடம் தொழில் படித்துக்கொண்டிருந்தான்.

வில்லுப்பாட்டுப் புலவர் பிச்சம்மாள் ஒரு டிஸ்கைக் கொண்டுவந்தார். தொண்டையில் அறுவை சிகிச்சை செய்தபின் அவருக்குக் குரல் இல்லை. பாடியதெல்லாம் அதில்தான் இருந்தது.

“பேர மாத்திராதீங்க. சாமி பேரு” என்று மூச்சால் சொல்லிவிட்டு, மூலையில் உட்கார்ந்தார்.

டிஸ்க் எந்த நேரமும் நின்றுவிடும் போல முனகியது. ஜெபசிங் கறுப்புத் திரையில் கட்டளை எழுதினான். கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் பாதையில், விண்டோஸில் கோடுகள் ஒரு பக்கம் சாயும், லினக்ஸில் மறு பக்கம். அதையெல்லாம் அவன் சரியாகத் திருப்பியிருந்தான். ஆனாலும் ‘ஆற்றங்கரை மாடன்’ என்ற கோப்புறை வரவில்லை. அப்படி எதுவும் இல்லை என்றது திரை.

“அண்ணாச்சி, பேருக்கு நடுவுல இடைவெளி இருக்கு. அதான் மக்கர் பண்ணுது. இடைவெளிய எடுத்துட்டு ஒரு அடிக்கோடு போட்டிரவா?”

“யாரு அப்படிப் போடுதா?”

“எல்லாக் கடையிலயும் அப்படித்தான்.”

“அப்ப அங்க போய் வேலை பாரு.”

ஜெபசிங் திரைப் பக்கம் திரும்பினான்.

“திரை யாரத் தேடுச்சு?” என்று கேட்டார் நயினார்.

“ஆற்றங்கரைன்னு ஒண்ண. மாடன்னு இன்னொண்ண.”

“அப்படி ரெண்டு பேரு அங்க உண்டுமா?”

“இல்ல.”

“பொறவு அது இல்லன்னு சொன்னது தப்பா, லே?”

ஜெபசிங் பாதையின் தொடக்கத்தில் ஒரு மேற்கோள் குறி போட்டான். முடிவில் ஒன்று போட்டான். இடைவெளியோடு அது இப்போது ஒரே பெயர். கட்டளையை மறுபடி ஓட்டினான்.

கோப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்றைத் திறந்ததும் வில்லின் மணிகள் குலுங்கின. அதன்மேல் ஒரு பெண் குரல் எழுந்தது. மூலையில் பிச்சம்மாளின் உதடுகள் அசைந்தன. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

டிஸ்க் நிற்பதற்குள் எல்லாம் வந்துவிட்டது. மீட்ட கோப்புகளைப் பிச்சம்மாள் புது டிஸ்கில் வாங்கிக்கொண்டு போனதும் ஜெபசிங் கேட்டான்:

“அண்ணாச்சி, ஒரு அடிக்கோடுதானே. அதுக்குப் போயி இம்புட்டு வீம்பா?”

“நான் முன்ன வேலை பாத்த கம்பெனியில, பேரு நீளமா இருக்குன்னு அட்டையில வெறும் சங்கரன்னு அடிச்சுக் கொடுத்தான் மேனேசர். கடைசி வரைக்கும் அப்படியேதான் கூப்பிட்டான்.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“திரும்பிப் பாக்கல.”

“ஒருநாள் கூடவா?”

“வேலைய விட்டு வந்த அன்னிக்கு வழியனுப்பு விழா வச்சாங்க. மேடையில மாலைய வச்சுக்கிட்டு, சங்கரன் வாங்க, சங்கரன் வாங்கன்னு மைக்குல கூப்பிட்டான்.”

“போனீங்களா?”

“அப்படி யாரும் அங்க இல்லையேலே.”