பாறைக்கு முடி வெட்டின கதை

மலையடிவாரப் புல்வெளியில ஒரு செம்மறி மந்தை இருந்துச்சு. அதுக்குக் காவல், பாறைங்கிற பெரிய நாய். கன்னுக்குட்டி உசரம். கழுத்தைச் சுத்தி அடர்த்தியா முடி.

காவல் நாயைக் குட்டியிலயே ஆட்டுப்பட்டிக்குள்ள விட்டு வளர்ப்பாங்க. அப்பத்தான் ஆடுகளைத் தன் சொந்தம்னு நினைக்கும். பாறையும் அப்படித்தான். சுட்டிங்கிற ஆடும் அதுவும் ஒரே மடியில பால் குடிச்சதுங்க. சுட்டிக்கு வாய் நீளம்.

கோடை வந்துச்சு. ஆடுகளுக்கெல்லாம் ரோமம் கத்தரிச்சாங்க. சுட்டி மட்டும் நிறைசினை, அதனால விட்டுட்டாங்க.

ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து ஓநாய் குரல் குடுத்துச்சு. "அட பாவமே! நீங்கல்லாம் ஜிலுஜிலுன்னு நிக்கிறீங்க. காவக்காரன் மட்டும் முடிக்குள்ள வேகுறான். நீங்கல்லாம் ஒரு சொந்தமா?"

சுட்டிக்குச் சுருக்குன்னு தைச்சிருச்சு. நேரா பாறைகிட்ட போச்சு.

"டேய்! உன் முடியை எடுத்துடலாம்!"

"வேணாம் சுட்டி. நிழலும் தண்ணியும் இருந்தா போதும். இந்த முடி எதுக்குன்னா..."

"வாயை மூடு! இப்படி எதுவும் கேக்காம கெடந்துதான் நாக்குத் தள்ளி நிக்கிற. உனக்காகத்தான்டா கத்துறேன்!"

"இல்ல, இந்த முடி..."

"பேசாத!"

கூடப்பொறந்தவ மாதிரி, என்ன பண்றது? பாறை படுத்துக்குச்சு. சுட்டி எலிக்கூட்டத்தைக் கூப்பிட்டுச்சு. கூட்டுக்கு மெத்தை கெடைக்குதுன்னு எலிங்க கறுக்கு முறுக்குன்னு மொத்த முடியையும் கடிச்சு எடுத்துருச்சுங்க.

மறுநாள் வெயில்ல பாறையோட முதுகு செவந்து வெந்துபோச்சு. ஈ மொய்ச்சுச்சு. சுட்டியால அந்தப் பக்கமே பாக்க முடியல.

உச்சிவெயில்ல ஓடையைத் தாண்டிக் குதிச்சுச்சு ஓநாய்!

"இத்தனை நாளா உன் கழுத்துல வாய் வச்சா முடிதான் சிக்கும். இன்னிக்குத் தொண்டையே சிக்கும்!"

அப்பத்தான் சுட்டிக்குப் புரிஞ்சுது. ஓநாய் பாயுறதுக்குள்ள, வயித்துப் பாரத்தோட ஓடிப்போய் பாறையோட கழுத்தை ஒட்டி நின்னுடுச்சு.

லபக்! ஓநாய் வாய் நிறைய சுட்டியோட ரோமம்! துப்பவும் முடியல, முழுங்கவும் முடியல. பாறை ஒரே கவ்வு, தொடையில. ஓநாய் நொண்டிக்கிட்டே ஓடிருச்சு.

"ஏன்டா முன்னாடியே சொல்லல?"ன்னு சுட்டி அழுதுச்சு.

"நீ எங்க சொல்ல விட்ட?"

சுட்டி மொதத் தடவையா மெதுவா கேட்டுச்சு. "சரி, இப்ப சொல்லு. என்ன வேணும்?"

"அந்தப் புங்கமர நிழல்ல இடம். கொஞ்சம் தண்ணி. மறுபடி முடி வளர்ந்தா, சிக்கு எடுத்துவிட யாராச்சும்."

அன்னிலேருந்து முடி வளர்ற வரைக்கும், மரத்து நிழல் விலகுறப்பல்லாம் வெயில் படுற பக்கமா சுட்டி போய் நின்னுக்கும். வாயைத் தொறக்காம!

அடுத்தவங்களுக்காகச் சண்டைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, அவங்களுக்கு என்ன வேணும்னு அவங்களையே முழுசா பேசவிட்டுக் கேக்கணும்.